டெவலப்பருக்கான போர்ட்ஃபோலியோ தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு போர்ட்ஃபோலியோ தளம், அதாவது தான் செய்த வேலைகளைக் காட்டும் தளம், செய்ய உட்காரும் டெவலப்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் சில வருடங்கள் இருந்து நிறையத் தளங்களைப் பார்த்தவன், என்னுடையதையே மூன்று முறை இடித்துக் கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கிட்ஹப் இருக்கிறது, லிங்க்ட்இன் இருக்கிறது. தனியாகத் தளம் வேண்டுமா?

கட்டாயமில்லை. தளமே இல்லாமல் நல்ல வேலையில் இருப்பவர்கள் ஏராளம். ஆனால் கிட்ஹப்பில் உங்கள் கோட் இருக்கிறது, அதை ஏன் அப்படி எழுதினீர்கள் என்பது பெரும்பாலும் இல்லை. லிங்க்ட்இன்னில் எங்கே எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது இருக்கிறது, அங்கே என்ன யோசித்தீர்கள் என்பது இல்லை. அதோடு அந்த இரண்டு இடத்திலும் எல்லாருடைய பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். எதை முதலில் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று நீங்களே முடிவெடுக்கக்கூடிய இடம் உங்கள் தளம்தான்.

எனக்கு டிசைன் சுத்தமாக வராது. கிரியேட்டிவ்வாக எப்படிச் செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். கிரியேட்டிவ் என்றதும் பின்னணியில் மிதக்கும் புள்ளிகள், ஸ்க்ரோல் செய்தால் பறந்து வரும் எழுத்து, மவுஸைத் துரத்தும் வட்டம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றுகிறது, எனக்கும் முதல் தளத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்தத் தளத்தை ஒரு நண்பர் பழைய போனில் திறந்தார், பெயர் தெரியவே பல நொடிகள் ஆயின, பின்னணிப் புள்ளிகள் மட்டும் திக்கித் திக்கி ஓடின. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, அந்தப் புள்ளிகளுக்கும் நான் செய்யும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது. வேறு யார் பெயரைப் போட்டாலும் அந்தத் தளம் அப்படியே பொருந்தியிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை படைப்பாற்றல் நீங்கள் தினமும் மல்லுக்கட்டும் விஷயத்திலிருந்தே வர வேண்டும். நீங்கள் தேடல் பொறியில் வேலை செய்கிறீர்களா? தளத்தில் ஒரு தேடல் பெட்டி வையுங்கள், தட்டத் தட்ட எந்த ப்ராஜெக்ட் ஏன் மேலே வருகிறது என்று மதிப்பெண்ணோடு தெரியட்டும். வரைபட வேலையா? வரைபடத்தின் வழியே ப்ராஜெக்ட்டுகளுக்குள் போகட்டும். எழுத்துருவில் பைத்தியமா? படமே வேண்டாம், எழுத்து மட்டுமே போதும். ஒரே ஒரு எண்ணம், அது உங்கள் வேலையிலிருந்து பிறந்தது, அதற்கு மீதி எல்லாம் அடங்கி நடக்கிறது, அவ்வளவு இருந்தால் வண்ணச் சேர்க்கை சுமாராக இருந்தாலும் பார்ப்பவர் மனதில் நிற்கும்.

அந்த ஒரு எண்ணத்தை எங்கே பிடிப்பது?

எடிட்டரைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் கடந்த இரண்டு வருடத்தில் உங்களைத் தூங்கவிடாத மூன்று சிக்கல்களை எழுதுங்கள், வேலையோ சொந்த ப்ராஜெக்ட்டோ எதுவானாலும் சரி. அப்புறம், டெவலப்பராக இல்லாத ஒருவரிடம் அதில் ஒன்றை விளக்கிப் பாருங்கள். விளக்கும்போது கையால் எதையாவது வரைந்து காட்டுவீர்கள், அல்லது மேசையில் இருக்கும் பொருளை நகர்த்திக் காட்டுவீர்கள். அந்த வரைபடம், அந்த நகர்த்தல், அதுதான் பெரும்பாலும் தளத்துக்கான எண்ணம்.

முதல் திரையில் என்ன இருக்க வேண்டும்?

பெயர், என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி, உங்கள் சிறந்த வேலைக்கு ஒரு லிங்க். "தொழில்நுட்பத்தின் மீது பேரார்வம் கொண்ட ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்" என்ற வரி எத்தனை தளங்களில் இருக்கிறது என்று கணக்கே இல்லை, அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. "நெட் விட்டு விட்டு வரும் இடங்களிலும் ஓடக்கூடிய மொபைல் செயலிகள் எழுதுகிறேன்" என்றால் உடனே ஒரு உருவம் கிடைக்கிறது. உள்ளே நுழையும்போது ஓடும் லோடிங் அனிமேஷனை எடுத்துவிடுங்கள், பத்துத் தளங்களை வரிசையாகத் திறந்து பார்க்கும் ஒருவருக்கு அது வெறும் காத்திருப்புதான்.

எத்தனை ப்ராஜெக்ட் போடலாம்?

மூன்று முதல் ஐந்து. இரண்டுதான் தேறுகிறதா, இரண்டே போதும். பயிற்சி வகுப்பில் எல்லாரும் செய்யும் டூடூ பட்டியலையும் வானிலைச் செயலியையும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தால் அவை பக்கத்தில் இருக்கும் நல்ல வேலையின் மதிப்பையும் இறக்கிவிடும்.

ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றி என்ன எழுதுவது? எனக்கு எழுதவே வராது.

பெரும்பாலான தளங்கள் கோட்டைவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமாக இப்படி எழுதியிருப்பார்கள்: "ரியாக்ட், நோட், மாங்கோடிபி கொண்டு உருவாக்கிய குறிப்புச் செயலி. நிகழ்நேர சின்க் வசதி உண்டு." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் யார், என்ன மாதிரி யோசிப்பவர் என்று ஒரு துளிகூடத் தெரியவில்லை.

அதே செயலியை இப்படி எழுதிப் பாருங்கள்: "நெட் இல்லாத நேரத்தில் ஒரே குறிப்பை இரண்டு போனில் திருத்தினால் எது நிலைக்க வேண்டும்? முதலில், கடைசியாக வந்து சேர்ந்ததே நிற்கட்டும் என்று விட்டேன். சோதித்துப் பார்த்தவர் ஒருவருக்கு இரண்டு பத்தி காணாமல் போனது. அதற்குப் பிறகு குறிப்பை ஒரே கட்டியாகப் பார்க்காமல் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக ஒப்பிட ஆரம்பித்தேன். ஒரே பத்தியை இருவரும் தொட்டிருந்தால் மட்டும் இரண்டையும் காட்டிப் பயனரையே கேட்கிறது. இன்னும் தீராதது: பத்திகளின் வரிசையை இருவரும் மாற்றினால் குழப்பம் வருகிறது."

என்ன சிக்கல், முதலில் எடுத்த முடிவு, அது எங்கே உடைந்தது, பிறகு என்ன செய்தீர்கள், எது இன்னும் பாக்கி. இந்த ஐந்தும் நூறு, நூற்றைம்பது வார்த்தையில் அடங்கிவிடும், பெரிய எழுத்தாளராக இருக்க வேண்டியதே இல்லை. கடைசி வரியில் தீராததை ஒப்புக்கொள்வதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள், ஆனால் நேர்காணலில் நான் அதிக நேரம் பேசியது அப்படி எழுதியவர்களோடுதான், ஏனென்றால் பேசுவதற்கு அங்கே உண்மையான ஒரு விஷயம் இருந்தது.

குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஐந்து பேர் செய்ததை "நான் உருவாக்கினேன்" என்று எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

அலுவலக வேலையைக் காட்ட முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் காட்டாதீர்கள், பெயரை மறைத்து ஸ்கிரீன்ஷாட் போடுவதும் வேண்டாம். அங்கே கற்ற நுட்பத்தை வைத்து, முழுக்கப் பொதுவான அல்லது நீங்களே உருவாக்கிய தரவில், சின்னதாக ஒரு மாதிரியை வீட்டில் எழுதிக் காட்டலாம். அதற்கும் ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள், சில ஒப்பந்தங்களில் வேலை நேரத்துக்கு வெளியே எழுதும் கோடுக்கும் நிபந்தனை இருக்கும்.

நான் பேக்கெண்ட் ஆள், திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதுகிறவன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்னிடம் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, பேக்கெண்ட் ஆட்களிடம்தான் அதிகம் இருக்கிறது என்றே சொல்வேன். மேலே சொன்ன குறிப்புச் செயலியையே எடுங்கள். பக்கத்தில் இரண்டு எழுத்துப் பெட்டி, நடுவில் நெட்டை நிறுத்தும் ஒரு சுவிட்ச். வருகிறவர் சுவிட்சை அணைத்து, இரண்டு பெட்டியிலும் வேறு வேறாகத் தட்டி, மறுபடி போட்டுப் பார்த்தால் இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று அவர் கண் முன்னாலேயே நடக்கும். படமோ 3டியோ தேவையில்லை.

வரிசையில் காத்திருக்கும் வேலைகள், கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடைத்தது கிடைக்காதது, ஒரு கோரிக்கை எத்தனை சர்வீஸ் வழியாகப் போய் எங்கே எத்தனை மில்லிநொடி செலவானது, இவை எல்லாமே வரையக்கூடியவை. "வினவலை 900 மில்லிநொடியிலிருந்து 40க்குக் கொண்டுவந்தேன்" என்று நீங்கள் அளந்த எண் கையில் இருந்தால் அந்த இரண்டு நீளத்திலும் இரண்டு பட்டையை ஓடவிடுங்கள். ஒன்று சட்டென்று முடிந்துவிடும், இன்னொன்று ஊர்ந்துகொண்டே இருக்கும், பார்ப்பவர் அந்த வித்தியாசத்தை உடம்பில் உணர்வார். எந்த அளவு தரவில், எந்த நிலையில் அளந்தீர்கள் என்பதையும் கீழே ஒரு வரி போடுங்கள்.

த்ரீ.ஜேஎஸ் (பிரவுசரில் 3டி காட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) கொண்டு 3டியில் அசத்தலாமா?

புரூனோ சிமோன் என்ற பிரெஞ்சு டெவலப்பரின் தளத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டே அவருடைய வேலைகளைச் சுற்றிப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவர் த்ரீ.ஜேஎஸ் சொல்லிக்கொடுப்பவர், அதாவது அந்தக் கார் அவருடைய வேலையின் மாதிரி. உங்கள் வேலையும் 3டி, கேம், காட்சிப்படுத்தல் என்று போனால் தாராளமாகச் செய்யுங்கள். கணக்கு மென்பொருள் எழுதுகிறவர் அதே காரை வைத்தால் அது இன்னொருவருடைய காராகத்தான் இருக்கும்.

எப்படிச் செய்தாலும் ஒரு விஷயம்: உள்ளடக்கம் முழுவதும் சாதாரண எச்டிஎம்எல்லிலும் இருக்கட்டும். ஒரு காலத்தில் மிக அழகான தளங்கள் எல்லாம் ஃப்ளாஷில் இருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது, பிரவுசர்களும் கழற்றிவிட்டன, எழுத்தைக்கூட ஃப்ளாஷுக்குள் பூட்டி வைத்திருந்த தளங்கள் வெற்றுப் பெட்டியாகிவிட்டன.

டெர்மினல் மாதிரி கட்டளை தட்டும் தளம்?

செய்ய ஆசையாக இருக்கும், தெரியும். ஆனால் முதலில் பார்க்க வரும் ரெக்ரூட்டருக்கு எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று தெரியாது, போனில் தட்டுவதும் சிரமம். சாதாரண மெனுவும் கூடவே இருந்தால் வையுங்கள்.

அனிமேஷன் எவ்வளவு இருக்கலாம்?

எதையாவது விளக்கினால் இருக்கட்டும், வெறும் அலங்காரம் என்றால் குறையுங்கள். பொத்தான், மெனு மாதிரி விஷயங்களுக்கு 200, 300 மில்லிநொடி போதும். சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டையும் அசைத்தால் பிரவுசருக்குச் சுமை குறைவு. அகலம், உயரம், டாப், லெஃப்ட் என்று அசைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கத்தின் அமைப்பையே திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும், அதனால்தான் திக்குகிறது. ஸ்க்ரோலின் வேகத்தையோ திசையையோ நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள், பல வருடமாகப் பழகிய கைக்கு அது எரிச்சல்.

அசைவு பார்த்தால் தலைசுற்றல் வருபவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பார்கள், ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்ற மீடியா குவெரி அதை உங்களுக்குச் சொல்லும், நாலைந்து வரி சிஎஸ்எஸ்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்கவே கூடாது, வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது நிஜமான ஆபத்து.

நிறம், எழுத்துரு எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு பின்னணி, ஒரு எழுத்து நிறம், அழுத்தம் கொடுக்க ஒன்று, மூன்று போதும். எழுத்துருவும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. டெவலப்பர்களின் தளங்களில் வெளிர் சாம்பல் எழுத்து ஒரு நோய் மாதிரி பரவியிருக்கிறது. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளின் ஏஏ நிலையில் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்ச வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் 4.48தான் வரும், மயிரிழையில் தவறுகிறது. #767676 தேறிவிடும். பிரவுசரின் டெவ்டூல்ஸிலேயே இதை அளக்கலாம்.

வரியை ரொம்ப நீளமாக ஓடவிடாதீர்கள், அகலத் திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகும் பத்தியில் அடுத்த வரி எங்கே என்று கண் தொலைத்துவிடும்.

டார்க் மோட் வேண்டுமா?

இருந்தால் நல்லது. முதல் வருகையில் பார்ப்பவரின் கருவி எந்த மோடில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், மாற்ற ஒரு பொத்தான் கொடுங்கள். இரண்டு மோடிலும் மேலே சொன்ன வேறுபாட்டை அளந்து பாருங்கள்.

எந்த ஃபிரேம்வொர்க்?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டுமே போதும் என்பது என் முதல் பதில். பக்கங்கள் கூடினால் ஆஸ்ட்ரோ, ஹியூகோ, இலெவன்ட்டி மாதிரி தளம் உருவாக்கும் கருவி ஒன்று, முன்கூட்டியே எச்டிஎம்எல்லாக மாற்றிக் கொடுத்துவிடும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் நன்றாகத் தெரியும் என்றால் அதிலேயே செய்யுங்கள், தவறில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிக்கும்வரை வெள்ளைத் திரையைக் காட்டும் தளமாக மட்டும் ஆகிவிடக் கூடாது. புதிய ஃபிரேம்வொர்க் கற்றுக்கொள்ளும் சாக்கில் போர்ட்ஃபோலியோவைத் தொடங்காதீர்கள், ஆறு மாதம் கழித்து ஃபிரேம்வொர்க் தெரிந்திருக்கும், தளம் இருக்காது.

தளம் வேகமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரோமில் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்கள். கூகுள் நல்லது என்று வகுத்திருக்கும் எல்லைகள் இவை: முக்கியமான பெரிய உள்ளடக்கம் தெரிய 2.5 நொடிக்குள், தொட்டதற்குப் பக்கம் பதில் காட்ட 200 மில்லிநொடிக்குள், அமைப்பு குலுங்கும் அளவு 0.1க்குள். நிஜத்தில் தளத்தை மெதுவாக்குவது பெரும்பாலும் படங்கள்தான். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய புகைப்படத்தைத் திரைக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கி, வெப்பி அல்லது ஏவிஃப் என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றி, அகலம் உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டால் குலுங்கலும் நின்றுவிடும். டெமோவை ஜிஃப்பாகப் போடாமல் ஒலியில்லாத சிறு வீடியோவாகப் போடுங்கள், கோப்பு பல மடங்கு சிறியதாகும். கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் மிகப் பழைய போனில் ஒருமுறை திறந்து பாருங்கள், எந்த மதிப்பெண்ணையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

கீபோர்டு, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் எல்லாம் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத் தேவையா?

தேவை. தளத்தைத் திறக்கப் போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர் பார்வையற்ற இன்ஜினியராக இருக்கலாம். மவுஸை ஒதுக்கிவைத்து டேப் விசையால் மட்டும் தளம் முழுக்கப் போய்வர முடிகிறதா, எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா என்று பாருங்கள். பொத்தானுக்குப் பட்டன் டேக், இடம் மாற லிங்க், படத்துக்கு அதை விவரிக்கும் ஆல்ட் எழுத்து, தலைப்புகள் வரிசையாக. இதைச் சரியாகச் செய்திருப்பதே உங்கள் திறமைக்கு ஒரு சான்று, கோடைத் திறந்து பார்க்கும் டெவலப்பர் கவனிப்பார்.

ஸ்கில் பட்டை போடலாமா? ஜாவாஸ்கிரிப்ட் 90 சதவீதம், பைத்தான் 75 சதவீதம் என்று?

வேண்டாம். எதில் 90 என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த ப்ராஜெக்ட்டில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதே போதும்.

இன்னொருவரின் டிசைனை எடுத்து மாற்றிக்கொள்ளலாமா?

பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கோடை எடுப்பதானால் முதலில் லைசென்ஸைப் பாருங்கள். கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது என்பதால் எல்லாருக்கும் சொந்தம் ஆகிவிடாது, லைசென்ஸே இல்லாத ரெப்போ (ஒரு ப்ராஜெக்ட்டின் கோட் தொகுப்பு) என்றால் உரிமை எழுதியவருக்கே. எம்ஐடி லைசென்ஸ் என்றாலும் அந்தக் காப்புரிமை அறிவிப்பை வைத்திருக்க வேண்டும். யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர் பெயரை அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு ஒன்றும் குறையாது. ஒரு முறை விண்ணப்பித்த இரண்டு பேரின் தளம் நிறத்தைத் தவிர அச்சு அசல் ஒன்றாக இருந்தது, இருவர் வேலையும் நன்றாகவே இருந்தும் எங்கள் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போய்விட்டது, எனக்கு வருத்தமாக இருந்தது.

ஏஐயிடம் கேட்டுச் செய்யலாமா?

சிஎஸ்எஸ் சிக்கலை அவிழ்க்க, பிழை கண்டுபிடிக்க, தாராளமாக. ப்ராஜெக்ட் பற்றிய எழுத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியிலும் உங்களை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், நீங்கள் எடுக்காத முடிவுக்கு அப்போது காரணம் சொல்ல முடியாது.

ஹோஸ்டிங்கும் டொமைனும்?

நிலையான தளத்துக்கு (முன்கூட்டியே தயாரான பக்கங்களை அப்படியே அனுப்பும் தளம்) கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை எல்லாவற்றிலும் இலவசமாகவே இடம் கிடைக்கிறது, எச்டிடிபிஎஸ்ஸும் சேர்த்து. செலவு செய்வதானால் சொந்த டொமைனுக்குச் செய்யுங்கள், நாளை ஹோஸ்டிங்கை மாற்றினாலும் முகவரி மாறாது. பெயரைப் போனில் ஒருவருக்குச் சொன்னால் எழுத்துக்கூட்டாமல் புரிய வேண்டும். தளத்தின் கோடில் ஏபிஐ சாவி (வெளிச் சேவையை உங்கள் பெயரில் பயன்படுத்த உதவும் ரகசியக் குறி) எதையும் வைக்காதீர்கள், பிரவுசருக்கு வந்த எதையும் யாரும் பார்க்கலாம்.

தொடர்புக்குப் படிவம் வைப்பதா, மின்னஞ்சலா?

மின்னஞ்சலை எழுத்தாகவே போடுங்கள், நகலெடுக்க வசதி. படிவம் சத்தமில்லாமல் பழுதாகும், வராத கடிதம் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டு முகவரி, போன் எண் வேண்டாம்.

லிங்க்கைச் சாட்டில் பகிரும்போது படம் வருவதில்லையே?

பகிரும்போது எதைக் காட்டுவது என்று சொல்லும் ஓப்பன் கிராஃப் மெட்டா டேக்குகள் விடுபட்டிருக்கும். தலைப்பு, விளக்கம், 1200க்கு 630 பிக்சலில் ஒரு படம், மூன்றையும் சேருங்கள். படத்துக்கு முழு யூஆர்எல் கொடுக்க வேண்டும்.

தளம் போட்டாகிவிட்டது. அப்புறம்?

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொருவருடைய கருவியிலிருந்து எல்லா லிங்க்கையும் அழுத்திப் பாருங்கள். டெமோக்கள்தான் முதலில் சாகும். இலவச சர்வரில் இருப்பவை யாரும் வராதபோது தூங்கிவிடும், எழுந்து பதில் சொல்ல நேரமாகும், பார்க்க வந்தவர் செத்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு டெமோவுக்குப் பக்கத்திலும் ஒரு சிறு வீடியோ இருக்கட்டும். புதிய ப்ராஜெக்ட் சேர்க்கும்போது பழையது ஒன்றை எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். டொமைன் தானாகவே புதுப்பிக்கும்படி போட்டிருக்கிறதா, அதற்குக் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கல்லூரி மின்னஞ்சலில் டொமைன் வாங்கி, படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கே போய், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களைப் பார்க்காமலேயே பெயரைத் தொலைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.